2 கேபி ரேமில் 8 கேபி கோப்பு: மழைமானி ஏன் பின்னேரத்தில் நின்றுபோகிறது?

மஸ்கெலியாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து தொழில்நுட்ப ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்:

"எங்கள் உயர்தர மாணவர்கள் ஆர்டுயினோ உனோவில் ஒரு மழைமானி செய்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மழை, வெப்பநிலை, ஈரப்பதன் மூன்றையும் எஸ்டி கார்டில் ஜேசன் கோப்பாக எழுதுகிறோம். தினமும் ஒரு புதுக் கோப்பு. மழை 75 மில்லிமீற்றரைத் தொட்டால் பஸர் அடிக்க வேண்டும். காலையில் ஒழுங்காக வேலை செய்கிறது. பின்னேரமானால் போர்ட் தானாக ரீசெட் ஆகிறது, சில நாட்களில் மழை 0 என்று காட்டுகிறது. கார்டை மாற்றியும் சரிவரவில்லை. பெரிய போர்ட் வாங்கத்தான் வேண்டுமா?"

வேண்டாம், டீச்சர். போர்டிலும் பழுதில்லை, கார்டிலும் பழுதில்லை. காலையில் சரி, பின்னேரம் பிழை என்று நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. காலையில் கோப்பு சின்னது. பொழுது ஏற ஏற அது வளர்கிறது. நீங்கள் அனுப்பிய ஸ்கெட்ச், அதாவது உனோவின் நிரல், முழுக் கோப்பையும் ஒரே ஸ்ட்ரிங்கில் (எழுத்துத் தொடரில்) ஏற்றி, அதன் பிறகுதான் ஜேசனை, அதாவது பெயரும் மதிப்புமாக அடைப்புக்குறிக்குள் எழுதிய தரவை, பிரிக்கிறது.

உனோவில் இருக்கும் ரேம், அதாவது நிரல் ஓடும்போது பயன்படும் நினைவகம், 2048 பைட். கார்டை இயக்கும் ஆயத்த நிரலான எஸ்டி லைப்ரரி தன் பஃபருக்கு (தற்காலிக இடத்துக்கு) மட்டும் அதில் 512 பைட்டை எடுத்துக்கொள்ளும். கணினியோடு பேசும் சீரியலுக்கு இரண்டு பக்கமும் 64, 64. மிச்சத்தில்தான் உங்கள் மாறிகளும், ஃபங்ஷன்கள் தற்காலிகமாக எடுக்கும் இடமான ஸ்டாக்கும் இருக்க வேண்டும். கோப்பைப் பாருங்கள்: ஒரு பதிவு ஏறக்குறைய 60 பைட், ஒரு நாளைக்கு 144 பதிவு, ஆக 8640 பைட். இடம் போதாதபோது உனோ எச்சரிப்பதில்லை. ஸ்ட்ரிங் வளர முடியாமல் நின்றால் பிழைச்செய்தி வராது, அரைகுறை எழுத்துதான் கையில் மிஞ்சும். சில நாட்களில் வரும் அந்த 0 அப்படி வந்ததுதான். ஸ்டாக் போய், ஸ்ட்ரிங் வளரும் இடமான ஹீப்பில் மோதினால் ரீசெட். இரண்டில் அந்த 0 தான் எனக்குப் பயம். ரீசெட்டை யாராவது கவனிப்பார்கள், மழை கொட்டும்போது திரையில் தெரியும் 0-ஐ எல்லோரும் நம்பிவிடுவார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்ட லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நமக்கு, மழைமானி பொய் சொல்வதைச் சின்னப் பிழையாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்ட்ரிங்கை விட்டுவிட்டு ஆர்டுயினோஜேசன் லைப்ரரிக்கு மாறினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நல்ல லைப்ரரிதான். ஆனால் முழுக் கோப்பையும் ஒரே தடவையில் கொடுத்தால் அதனாலும் முடியாது. அதன் 6ஆம் பதிப்பில், உனோ போன்ற 8 பிட் போர்டில், ஒவ்வொரு மதிப்புக்கும் 8 பைட் போகும். நேரத்தோடு நான்கு மதிப்பு, பதிவுக்கென்று இன்னொன்று, ஆகப் பதிவுக்கு ஐந்து என்று வைத்தால் 144 பதிவுக்கு 5760 பைட். நேரத்தை எழுத்தாக வைத்திருக்கிறீர்கள், அதற்குப் பதிவுக்கு 17 பைட் வீதம் இன்னும் 2448. மொத்தம் 8208. ஆர்டுயினோவின் பெரிய போர்டான மெகாவின் மொத்த ரேமே 8192 தான். பெரிய போர்ட் வாங்கியிருந்தாலும் இதே இடத்தில்தான் வந்து நின்றிருப்பீர்கள்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நடப்பதை மாணவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். இருநூறு பேரின் கொழுந்தையும் உள்ளே குவித்துவிட்டு யாரும் நிறுப்பதில்லை. ஒருவர் வருகிறார், தராசில் வைக்கிறார், கணக்கப்பிள்ளை எடையைக் குறிக்கிறார், கொழுந்து லொறிக்குப் போகிறது, அடுத்தவர் வருகிறார். மடுவம் சின்னதாக இருந்தாலும் வேலை தடைப்படுவதில்லை. கோப்பையும் அப்படி ஒவ்வொரு வரியாக வாசித்து, வேண்டிய எண்ணை எடுத்துக்கொண்டு, வரியை விட்டுவிட வேண்டும்.

அதற்குக் கோப்பு ஒத்துழைக்க வேண்டும். ஜேசன் இந்த வேலைக்குப் பொருந்தாது என்பது என் முடிவு. ஜேசன் பட்டியல் கடைசி அடைப்புக்குறியோடு முடிந்தாக வேண்டும், ஆகவே ஒவ்வொரு பதிவைச் சேர்க்கும்போதும் அந்தக் குறியை அழித்துத் திரும்ப எழுத வேண்டும். காற்றடித்து கரண்ட் போகிற ஊரில் அந்தக் குறி எழுதப்படாமலே போகும் நாட்கள் வரும். புலங்களைக் கமாவால் பிரித்து வரிவரியாக எழுதும் சிஎஸ்வி-க்கு மாறுங்கள். ஒரு வரி இப்படி இருக்கட்டும்:

0528,1410,002,174,093

மே 28, பிற்பகல் 2.10. மழைநீர் நிறைந்ததும் கவிழும் மானியின் சின்ன வாளி இரண்டு தடவை கவிழ்ந்திருக்கிறது. ஒரு கவிழ்ப்பு 0.2 மில்லிமீற்றர் என்றால் மழை 0.4. வெப்பநிலை 17.4 பாகை, ஈரப்பதன் 93 வீதம். தசமப் புள்ளி எங்கும் இல்லை, எல்லாம் முழு எண். நுவரெலியாவில் உறைபனி விழும் நாளில் -0.5 பாகை வந்தாலும் -05 என்று அதே மூன்று இடத்தில் அடங்கும். 21 எழுத்தோடு வரிமுடிவுக்கு இரண்டு பைட், ஆக ஒவ்வொரு வரியும் 23 பைட். வருடம் முழுவதையும் ஒரே கோப்பில் எழுதினாலும் 1.2 எம்பி தான்.

எல்லா வரியும் ஒரே நீளத்தில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. கடைசி 144 பதிவு வேண்டுமானால் கோப்பின் முடிவிலிருந்து 3312 பைட் பின்னே தாவி, அங்கிருந்து வாசித்தால் போதும். 24 எழுத்துக் கொள்ளும் ஒரு சார் அரே (எழுத்து வரிசை), அதில் வரிமுடிவு வரை வாசியுங்கள், நீளத்தைப் பாருங்கள், சரியில்லாத வரியை ஒதுக்குங்கள், மூன்றாவது புலத்தை மட்டும் எண்ணாக மாற்றிக் கூட்டுங்கள். 8640 பைட் கேட்ட வேலை 24 பைட்டில் முடிகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். பத்து நிமிடக் கவிழ்ப்பு எண்ணிக்கை ஒரு பைட்டில் அடங்கும், ஏனென்றால் 255 கவிழ்ப்பு என்பது பத்து நிமிடத்தில் 51 மில்லிமீற்றர் மழை. ஆகவே 144 பைட் அரே ஒன்றை வட்டமாகச் சுற்றவிடுங்கள். புதுப் பதிவு வரும்போது மிகப் பழையது வெளியே போகும். 24 மணித்தியாலக் கூட்டு எப்போதும் ரேமிலேயே இருக்கும். கரண்ட் போய் வந்தபின் அந்த அரேயைத் திரும்ப நிரப்ப மட்டும் கார்டை வாசித்தால் போதும். அப்போது வரியில் இருக்கும் நேரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் போர்ட் நின்றிருந்தால் கடைசி 144 வரி என்பது 24 மணித்தியாலத்துக்கும் அப்பால் போய்விடும். நள்ளிரவில் புதுக் கோப்பு தொடங்கும் உங்கள் பழைய முறையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது: இரவு எட்டு மணியிலிருந்து விடியும்வரை பெய்த மழை இரண்டு நாள் கணக்காகப் பிரிந்து, பஸர் அடிக்காமலே போயிருக்கும்.

வரியைப் பிரிக்கும்போது ஸ்ட்ரிடோக் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துவீர்கள். பண்டாரவளையில் ஒரு மரக்கறித் தோட்டத்துக்கு நான் வைத்த மானி, வெயில் அடித்த ஒரு நாளில் பத்து நிமிடத்தில் 34.8 மில்லிமீற்றர் மழை என்று காட்டியது. இரண்டு நாள் தேடினேன். யாரோ கோப்பை எக்செல்லில் திறந்து, ஒரு கட்டத்தைத் தெரியாமல் அழித்துச் சேமித்திருந்தார்கள். இரண்டு கமா பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஸ்ட்ரிடோக் காலிப் புலத்தைத் தாண்டிவிடும். அடுத்த புலம் முன்னே வந்து நிற்கும். வெப்பநிலையின் 174 மழையின் இடத்தில் உட்கார்ந்தது, 174 கவிழ்ப்பு 34.8 மில்லிமீற்றரானது. நீளத்தைச் சரிபார்த்திருந்தால் அந்த வரி அங்கேயே கழிந்திருக்கும். எக்செல் 0528-ஐ 528 ஆக்கிவிடும், சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டையும் வைக்கும். எனவே கணினியில் பார்ப்பது பிரதியாக இருக்கட்டும். எக்செல் தொட்ட கோப்பு திரும்பக் கார்டுக்குப் போகக் கூடாது.

093 போல பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை, எழுத்தை எண்ணாக்கும் ஸ்ட்ரிடோல் ஃபங்ஷன் கொண்டு மாற்றுவதானால் அடிமானம் 10 என்று எழுதிக் கொடுங்கள். 0 என்று விட்டால் அதை எண்மமாக (அடிமானம் 8) எடுத்துக்கொள்ளும், அதில் 9 என்ற இலக்கம் இல்லாததால் விடை 0 ஆகும். இடப்பெயரை ஒவ்வொரு வரியிலும் தமிழில் எழுதவும் வேண்டாம். யூடிஎஃப்-8இல் 'மஸ்கெலியா' 27 பைட், உங்கள் முழு வரியையும் விடப் பெரிது. திரையிலும் சீரியலிலும் காட்டும் நிலையான வாசகங்களை எஃப் மக்ரோவுக்குள், அதாவது F( ) என்ற அடைப்புக்குள், போட்டால் அவை நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே இருந்துவிடும், ரேமுக்கு வராது.

வேறு இடத்திலிருந்து ஜேசன் கோப்பாகத்தான் வருகிறது, மாற்ற வழியில்லை என்றால், சதுர அடைப்புக்குறி வரை தாவி, அங்கிருந்து ஒரு பொருளாக ஆர்டுயினோஜேசனுக்குக் கொடுங்கள். கமா வந்தால் அடுத்தது, மூடும் குறி வந்தால் நிறுத்தம். வேண்டாத புலங்களைத் தள்ள அதிலேயே வடிகட்டும் வசதி உண்டு.

இதே முறையில் கொழுந்து எடையும் பதியலாமா என்று மாணவர்கள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக. உனோவில் இன்ட் என்ற முழு எண் வகை 32767க்கு மேல் போகாது என்பதை மட்டும் சொல்லிவையுங்கள். 40 கிலோவைக் கிராமில் வைத்தால் -25536 என்று வரும். அதைவிடப் பெரிய எண் கொள்ளும் லோங் பயன்படுத்தட்டும்.

75 என்ற எல்லை சரியானதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு முன்னெச்சரிக்கையின் முதல் நிலையை 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரில் தொடங்குகிறது, அடுத்தவை 100, 150. பஸர் அடித்தால் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள், அவர்களின் அறிவிப்பையும் பாருங்கள்.

மானியைக் கூரையில் ஏற்றுமுன் இரண்டு சோதனைக் கோப்பு செய்யுங்கள். இரண்டிலும் 145 வரி, முதல் வரியில் கவிழ்ப்பு 000. ஒன்றில் கவிழ்ப்புகளின் கூட்டு 374, மற்றதில் 375. முதலாவதைப் போட்டு போர்டைத் தொடக்கினால் பஸர் அடிக்கக் கூடாது, இரண்டாவதில் அடிக்க வேண்டும். பிறகு ஒரு வரியின் நடுவில் இரண்டு எழுத்தை அழித்துவிட்டு, அந்த வரியை ஒதுக்குகிறதா என்று பாருங்கள். அழித்த வரிக்குப் பின்னால் வரும் எல்லா வரியும் இரண்டு பைட் நகர்ந்திருக்கும். அதனால் தாவி இறங்கிய பின் கிடைக்கும் முதல் வரி அரைகுறையானால் அதை விட்டுவிட்டு, அடுத்த வரிமுடிவிலிருந்து தொடங்கும்படி எழுதச் சொல்லுங்கள்.