தீக்காயத்தில் கிருமி ஏறி மரணம்: மருத்துவமனை மீது வழக்கு நிற்குமா?

கேள்வி: தை மாதம் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காக வீட்டில் பணியாரம் ஊற்றும்போது சிலிண்டர் டியூப் கசிந்து தீப்பிடித்தது. எங்கள் ஆத்தாவுக்கு 35 சதவீதம் தீக்காயம். தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு வாரம் நன்றாகப் பேசினார்கள். அப்புறம் காய்ச்சல், 16-ஆம் நாள் இறந்துவிட்டார்கள். ‘ரத்தத்தில் கிருமி’ என்று எழுதிக் கொடுத்தார்கள். 4 லட்சத்து 80 ஆயிரம் கட்டினோம். கிருமி ஆஸ்பத்திரியில்தான் ஒட்டியது என்கிறார் தெரிந்த நர்ஸ் ஒருவர். கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பேடு) கேட்டால் இழுத்தடிக்கிறார்கள். வழக்குப் போடலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ‘ஆஸ்பத்திரியில் ஒட்டியது’ என்பது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் வழக்கு நிற்காது. வெந்த தோல் கிருமிக்குச் சோறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் அந்த நேரத்தில் படுத்துவிடும். சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் நன்றாகப் பராமரிக்கும் வார்டிலும் நுழைந்துவிடுவது உண்டு. “முதல் வாரம் நன்றாகத்தானே பேசினார்” என்று இப்படி வரும் குடும்பங்கள் எல்லாம் சொல்லி அழுகிறார்கள். பெரிய தீக்காயத்தில் முதல் சில நாளைத் தாண்டியவர்களையும் பின்னால் கொண்டுபோவது பெரும்பாலும் கிருமிதான். நோயாளி இறந்ததாலேயே மருத்துவர் அலட்சியம் காட்டினார் என்று ஆகிவிடாது என உச்ச நீதிமன்றமும் 2021-இல் சொல்லியிருக்கிறது.

காய்ச்சல் கண்ட மணிக்கும் மருந்தை மாற்றிய மணிக்கும் நடுவில் என்ன நடந்தது? உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது. புண்ணிலும் ரத்தத்திலும் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனைக்கு) என்றைக்கு எடுத்தார்கள், முடிவு எப்போது வந்தது, இந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது என்று அதில் எழுதியிருந்தும் பழைய ஆண்டிபயாடிக்கையே ஏற்றினார்களா, கருகிய தோலை நீக்கினார்களா, பிளாஸ்டிக் சர்ஜன் வந்து பார்த்தாரா? தீக்காயப் பிரிவே இல்லாமல் வைத்துக்கொண்டு மதுரைக்கு அனுப்பத் தாமதித்திருந்தால், அது ஒன்றே வலுவான புள்ளி. கொல்கத்தாவில் தோல் உரிந்து, தீக்காயம் பட்டவர்போல் கிடந்து இறந்த ஒரு பெண்ணுக்காக 2013-இல் சுமார் 6 கோடி இழப்பீடு கிடைத்தது. அங்கும் அளவு மீறிய ஸ்டீராய்டையும் தராமல் விட்ட துணைச் சிகிச்சையையும் காட்டித்தான் ஜெயித்தார்கள்.

ஆகவே முதல் வேலை கேஸ் ஷீட். எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. வாயால் கேட்காதீர்கள், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். தராவிட்டால் அதையே நுகர்வோர் ஆணையத்தில் சொல்லலாம். நர்ஸை நம்பி இறங்க வேண்டாம். வேலையில் இருக்கிறவர் சாட்சிக் கூண்டு வரை வருவது அபூர்வம். வாங்கிய கேஸ் ஷீட்டை வெளியூர் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரிடம் காட்டி, அவர் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் என்பதால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கெடு 2 வருடம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது.

போலீஸ் புகாரை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியமாக இருந்தால்தான் மருத்துவர் மீது குற்ற வழக்கு என்பது 2005-இலிருந்து உள்ள நிலை. பங்காளிகள் ஆத்திரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கூப்பிடுவார்கள், போகாதீர்கள். அங்கே ஒரு கண்ணாடி உடைந்தாலும் மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிரான 2008-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டத்தில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்பில் சிலிண்டரால் விபத்து நடந்தால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டில் மரணத்துக்கு 6 லட்சம் உண்டு. சிகிச்சைச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை. இதற்கு மருத்துவர் தப்பு செய்தாரா என்ற கேள்வியே வராது. ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவித்தீர்களா? இல்லையென்றால் நாளைக்கே கொடுத்து ரசீது வாங்குங்கள். கூடவே எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, பில்களின் நகல். கருகிய டியூபையும் ரெகுலேட்டரையும் யாராவது பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள்.