டிராகுலாவுக்கு நான்காம் இடம்

கேள்வி: காலத்தைத் தாண்டி நிற்கும் அமானுஷ்யத் திகில் நாவல்கள் ஐந்தை வரிசைப்படுத்துங்களேன். 'டிராகுலா'தானே முதலிடம்?

பதில்: இல்லை. அதற்கு நான்காம் இடம்தான் தருவேன். சண்டைக்கு வராதீர்கள், காரணம் இருக்கிறது.

பேயைக் கண்ணில் காட்டாமலேயே நடுங்க வைப்பதுதான் எனக்குப் பெரிய வித்தை. அதனால் முதலிடம் ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959). இருட்டில், அறைத்தோழி தியோடோராவின் கையை எலினார் இறுகப் பற்றியிருக்கிறாள். வெளிச்சம் வந்ததும் பார்த்தால், தியோடோரா எட்ட இருக்கும் இன்னொரு கட்டிலில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் இதுவரை பிடித்திருந்தது யார் கையை? ஜாக்சன் பதிலே சொல்வதில்லை. அந்தப் பக்கத்தை இப்போது திறந்தாலும் எனக்கு உள்ளங்கை குறுகுறுக்கும்.

இரண்டாவது, ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' (1898). ஏரிக்கரையில் ஆசிரியைக்குத் தெரியும் உருவம், பக்கத்தில் நிற்கும் வீட்டுப் பணிப்பெண்ணுக்குத் தெரிவதில்லை. பேயா, பிரமையா என்று விமர்சகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். வாக்கியங்கள் மட்டும் மூச்சு வாங்க வைக்கும்.

மூன்றாவது, ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' (1977). படம் மட்டும் பார்த்தவர்கள் நாவலையும் படிக்க வேண்டும். குடியை விட்டு, மகனிடம் நல்ல அப்பாவாக இருக்கத் தவிக்கும் ஜாக் அதில்தான் முழுசாக இருக்கிறான். முடிவும் வேறு.

அப்புறம்தான் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897). கோட்டைச் சுவரில் ரத்தக் காட்டேரியான டிராகுலா பிரபு தலைகீழாக ஊர்ந்து இறங்கும் காட்சி உள்ள முதல் நான்கு அத்தியாயங்கள் அபாரம். கப்பல் தலைவனின் நாட்குறிப்பும் அப்படியே. பிறகு பிரபு பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறார். அவரை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார்.

ஐந்தாவது, லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872). குறுநாவல்தான், பரவாயில்லை. ஸ்டோக்கருக்குக் கால் நூற்றாண்டு முன்பே வந்த ரத்தக் காட்டேரி அவள்.

கேள்வி: 'ஃபிராங்கன்ஸ்டைன்' எங்கே?

பதில்: அதில் பேய் ஏது? உயிரை உண்டாக்குவது ஒரு மாணவனின் ஆராய்ச்சி. தனி வரிசை போட்டால் முதலில் வைப்பேன்.

கேள்வி: இந்த வகைக்கே முன்னோடி என்கிற 'தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ'வை விட்டுவிட்டீர்களே?

பதில்: 1764-இல் வால்போல் எழுதியது. வரலாற்றுப் பாடத்தில் முதல் மதிப்பெண் உண்டு. ஆனால் கல்யாணத்தன்று ராட்சதத் தலைக்கவசம் ஒன்று விழுந்து மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான் என்றால், எனக்குச் சிரிப்பு வருகிறதே, என்ன செய்ய?