உண்ணி சுவரில் ஏறினால் நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: மூன்று வயது லேப்ரடார், மாதம் ஒரு உண்ணி ஊசி, வாரம் ஒரு மருந்துக் குளியல், ஆனாலும் பத்தே நாளில் காது நிறைய உண்ணி, இப்போது போர்ட்டிகோ சுவரிலும் ஏறுகிறது. அமெரிக்காவில் இருக்கும் அக்கா வேறு “இதயப்புழுவுக்கு மாத்திரை கொடுக்கிறாயா” என்கிறாராம். இங்கே அது தேவையா?

சுவரில் ஏறுகிறது என்று எழுதினீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. நம் ஊர் நாய்களைப் பிடிப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. இதற்குப் புல்லும் புதரும் வேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து பெருகும். குஞ்சாக ஒரு தடவை, கொஞ்சம் வளர்ந்து ஒரு தடவை, முழுதாக வளர்ந்தபின் ஒரு தடவை என்று மூன்று முறைதான் நாய் மேல் ஏறி ரத்தம் குடிக்கிறது; ஒவ்வொரு முறையும் வயிறு நிறைந்ததும் சில நாளில் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ கதவு நிலைச் சந்திலோ ஒளிந்துகொள்ளும். ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பிக் கிடக்குமே, அது ரத்தம் குடித்த பெண் உண்ணி. அது முட்டையிடப் போவதும் அதே வெடிப்புக்குத்தான், ஒன்றே 4,000 முட்டை வரை இடும். வளர்ந்த உண்ணி இரையில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். நீங்கள் குளிப்பாட்டிக் கொல்வது அன்றைக்கு நாய் மேல் இருந்தவற்றை மட்டும்.

ஊசி விஷயம். அது ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தாக இருந்தால் அதை நம்பி இருக்காதீர்கள், நாய் உண்ணிக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக் போன்ற இனங்களில் பல நாய்களுக்கு மரபணுக் குறை காரணமாக உண்ணிக்குப் போடும் அளவு மருந்து மூளைக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். இப்போது நம்மிடம் நல்ல மாத்திரைகள் இருக்கின்றன: ப்ராவெக்டோ ஒன்று கொடுத்தால் 12 வாரம், நெக்ஸ்கார்டும் சிம்பாரிகாவும் மாதம் ஒன்று. தெள்ளுப்பூச்சியும் இதிலேயே போய்விடும். வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இந்த வகை மருந்து சில நாய்களுக்கு வலிப்பைக் கொண்டுவரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இலேயே எச்சரித்திருக்கிறது. இன்னொன்று, உண்ணி கடித்து ரத்தம் குடித்தால்தான் மருந்து அதற்குள் போகும். அதனால் மாத்திரை கொடுத்த பிறகும் சில வாரம் புது உண்ணி ஏறத்தான் செய்யும், ஏறியது சாகும். மருந்து பலிக்கவில்லை என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். குறைந்தது நான்கைந்து மாதம் இடைவெளி விடாமல் கொடுங்கள்.

அதே சமயம் வீட்டையும் பாருங்கள். நாய் படுக்கும் கோணிச்சாக்கை எரித்துவிடுங்கள், துணியை வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போடுங்கள், சுவர் வெடிப்புகளை சிமென்ட் வைத்து அடையுங்கள். பூச்சிமருந்து அடிப்பவரை அழைத்தால் தரையோடு நிறுத்த விடாதீர்கள். இந்த உண்ணி மேலே ஏறும் குணமுள்ளது, கூரை மூலை, ஜன்னல் சட்டம் வரை அடிக்க வேண்டும். காயும்வரை நாய் வெளியே இருக்கட்டும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

கண்ணில் படும் உண்ணியைச் சிறு இடுக்கியால், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். நகத்தில் வைத்து நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தினமும் தடவிப் பாருங்கள்.

தெள்ளு இருக்கிறதா என்று தெரிய, பேன் சீப்பால் வாரி விழும் கருப்புத் தூளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் போடுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது நாயின் ரத்தம். வாலடியில் வெள்ளரி விதை மாதிரி ஒட்டியிருந்தால் தெள்ளை விழுங்கி நாடாப்புழு வந்திருக்கிறது, அதற்குத் தனி மருந்து உண்டு.

சரி, அக்காவின் கேள்வி. இதயப்புழு கொசுக்கடியால் வருவது. குட்டிப்புழு வளர்ந்து நுரையீரல் ரத்தக்குழாய்க்கும் இதயத்துக்கும் போய்ச் சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், வளர்ந்தால் ஒரு சாண் நீளத்துக்கும் அதிகம். அமெரிக்காவின் தென்பகுதியில் அது மிகப் பரவலான நோய், அக்கா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் அது அதிகம் காணப்படுவது வடகிழக்கில். தெற்கே, முக்கியமாகக் கேரளத்தில், தோலுக்கடியில் வாழும் அதன் உறவுக்காரப் புழுதான் பரவலாக இருக்கிறது, அது மனிதர் கண்ணிலும் வந்திருக்கிறது. மாத்திரை தேவையா என்பதை உங்கள் பகுதி மருத்துவர் சொல்லட்டும். ஆனால் மூன்று வயது நாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஆரம்பிக்காதீர்கள். தடுப்பு மாத்திரை வளர்ந்த புழுவைத் தீர்த்துவிடாது, ரத்தத்தில் குட்டிப்புழு நிறைய இருந்து ஒரே நேரத்தில் செத்தால் நாய் மயங்கி விழவும் கூடும். அப்புறம், உண்ணி மாத்திரை எல்லாமே இதயப்புழுவையும் தடுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் திருச்சியில் இருக்கும் உங்கள் நாய்க்காக நான் முதலில் பயப்படுவது உண்ணிக் காய்ச்சலுக்குத்தான். எர்லிக்கியா, பேபிசியா என்ற இரண்டு ரத்தக் கிருமிகளும் இந்தப் பழுப்பு உண்ணி கொண்டுவருபவை. சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுப்பது, உடம்பு சூடு, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், கட்டன் காப்பி நிறத்தில் சிறுநீர், இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள், ரத்தத் தட்டணுவைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்லிக்கியா என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வழக்கமாக 28 நாள். ஐந்தாம் நாளே வாலாட்டிக்கொண்டு சாப்பிடும். அப்போதும் மீதி மாத்திரையைக் கொடுத்து முடியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து மூக்கில் ரத்தம் வடிய வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை.