துன்ப வேளையில் ஆண்டவரை நம்புதல்: கேள்வி பதில்

கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்புகளை நெடுங்காலமாக நடத்தி வரும் ஆசிரியர் ஒருவர், சோதனைக் காலத்தில் மீட்பளிக்கும் இறைவன்மீது நம்பிக்கை வைப்பது குறித்து வந்த கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஐயா, என் கணவரின் நோய் தீர இரண்டு ஆண்டுகளாகச் செபிக்கிறேன்; ஒன்பது நாள் தொடர்ந்து செபிக்கும் நவநாள்களும் பல முடித்துவிட்டேன். குணமில்லை. என் விசுவாசம் போதாததுதான் காரணம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா?

பதில்: உண்மை இல்லை, அம்மா. தம் உடலில் தைத்த முள்போன்ற துன்பம் நீங்க வேண்டும் என்று திருத்தூதர் பவுல் மும்முறை ஆண்டவரை வேண்டினார். முள் நீங்கவில்லை, அருள் மட்டுமே கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. மிக உருக்கமான செபங்களும் எப்போதும் நோய் நீக்கத்தைப் பெற்றுத் தருவதில்லை என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே 1508ஆம் பத்தியில் வெளிப்படையாகக் கூறுகிறது. நவநாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டவரின் விண்ணேற்றத்திற்கும் தூய ஆவியார் வருகைக்கும் இடையே அன்னை மரியாவும் திருத்தூதர்களும் செபித்துக் காத்திருந்த நாள்களே அதற்கு முன்மாதிரி. அவை காத்திருந்த நாள்கள். தவணை கட்டிய நாள்கள் அல்ல. உங்கள் கணவர் நோயுற்றோருக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளமான நோயில் பூசுதலை இதுவரை பெறவில்லை என்றால் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியுள்ளது.

கேள்வி: தொழிலில் எல்லாவற்றையும் இழந்துவிட்டேன். கடவுள்மீது கோபம் வருகிறது. இது பாவமா?

பதில்: கோபத்தை அவரிடமே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்களா, அல்லது அவரை விட்டு விலகிச் செல்கிறீர்களா என்பதுதான் கேள்வி. 88ஆம் திருப்பாடல் ஓர் ஆறுதல் சொல்கூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதைத் திருச்சபை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. முறையிடுவதும் செபமே என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கடலில் புயல் எழுந்த நிகழ்ச்சியை நற்செய்தியாளர் மாற்கு எழுதியிருக்கும் விதத்தைச் சற்று நின்று பாருங்கள். படகினுள் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்க, இயேசுவோ பின்பகுதியில் தலையணைமீது தலைவைத்துத் தூங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்பிப் பணிவாக விண்ணப்பிக்கவில்லை. நாங்கள் சாகப்போவது பற்றி உமக்குக் கவலையே இல்லையா என்றுதான் கேட்கிறார்கள். மாற்கின் வரிசைப்படி அவர் முதலில் காற்றை அடக்குகிறார். அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. நம்பிக்கையை நிரூபித்த பின்னரே காப்பாற்றுவேன் என்று அவர் நிபந்தனை வைக்கவில்லை. சீடர்கள் செய்த சரியான செயல் ஒன்றே: பயத்தோடும் கோபத்தோடும் அவரிடமே போனார்கள்.

கேள்வி: நம்பினால் ஆண்டவர் நிச்சயம் விடுவிப்பார் என்று சாட்சி சொல்வோர் பலர். விடுவிக்காவிட்டால் அந்த நம்பிக்கைக்கு என்ன பொருள்?

பதில்: தானியேல் நூலில், சிலையை வணங்க மறுத்ததால் தீச்சூளையின் முன் நின்ற மூன்று இளைஞர்கள் அரசனிடம், எங்கள் கடவுளால் எங்களை மீட்க இயலும் என்றார்கள், அப்படி மீட்காமற் போனாலும் உம் சிலையை வணங்க மாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்த இரண்டாம் வாக்கியத்தை நம் சாட்சியங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன என்பது என் மனக்குறை. வியட்நாமின் பேராயர் வான் துவான் 1975இல் கைது செய்யப்பட்டு 13 ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று வலிக்கு மருந்து என்று எழுதிய புட்டியில் வந்த திராட்சை இரசத்தில் மூன்று துளிகளும் ஒரு துளித் தண்ணீரும் உள்ளங்கையில் ஏந்தி அவர் திருப்பலி நிறைவேற்றினார். மீட்பு என்பது சிறைக்கதவு திறந்த நாளில் தொடங்கியது என்றால், அந்த உள்ளங்கையில் நடந்ததற்கு என்ன பெயர் இடுவது?

கேள்வி: மன அழுத்தத்திற்கு மருந்து எடுத்துக்கொள்வது நம்பிக்கைக் குறைவா?

பதில்: இல்லை. மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார் என்று விவிலியத்தின் சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் கூறுகிறது. செபத்தின் பெயரால் மருந்தை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: செபிக்க உட்கார்ந்தால் எந்த உணர்வும் எழுவதில்லை. நான் நம்பிக்கை இழந்துவிட்டேனா, ஐயா?

பதில்: உணர்வு வறண்டு போவது வேறு, நம்பிக்கை இழப்பது வேறு. அன்னை தெரசா பல பத்தாண்டுகள் அந்த வறட்சியிலேயே செபித்தார். பிரான்சு நாட்டுப் புனிதரான குழந்தை இயேசுவின் தெரசா 1897இல் தம் 24ஆம் வயதில் இறப்பதற்கு முன் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு விசுவாச இருளில் தவித்தார். வலிப்பு நோயுற்ற சிறுவனின் தந்தை, நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று அழுத அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாலும் போதும். அதுவும் முடியாத நாள்கள் வரும். முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு பார்த்தது அவர்களுடைய நம்பிக்கையை என்று மாற்கு எழுதுகிறார். கட்டிலில் கிடந்தவர் ஒரு சொல்லும் பேசியதாக இல்லை. ஆகவே, இந்த வாரமே நீங்கள் நம்பும் ஒருவரிடம் போய், "என்னால் செபிக்க முடியவில்லை, எனக்காக நீங்கள் செபியுங்கள்" என்று சொல்லுங்கள்.