கேள்வி – பதில்: சாலை ஊராட்சியுடையது, காடு யாருடையது?

கேள்வி: எங்கள் ஊருக்கு முக்கால் கிலோமீட்டர் மண் பாதைதான். சாலை போட ஊராட்சிக்கு நிதி வந்து ஜல்லியும் கொட்டிவிட்டார்கள். அது வன நிலம், மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று வனத்துறை வேலையை நிறுத்திவிட்டது. ஜல்லிக் குவியலின் மேல் இப்போது புல் வளர்ந்து நிற்கிறது. உடல் நலமில்லாதவர்களை ஜீப் வரும் இடம் வரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வருகிறோம். வனத்துறை தமிழ்நாடு அரசின் துறைதானே? டெல்லியை ஏன் கேட்க வேண்டும்?
– வாசகர், கூடலூர் வட்டம்

பதில்: வனத்துறை தமிழ்நாடு அரசின் துறைதான். ஆனால் அது நடைமுறைப்படுத்தும் சட்டங்கள் எல்லாம் சென்னையில் இயற்றப்பட்டவை அல்ல. அரசியலமைப்பின் 7-ஆவது அட்டவணை அதிகாரங்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பிரிக்கிறது. நிலம், சாலை, உள்ளாட்சி ஆகியவை மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. காடும் தொடக்கத்தில் அங்கேதான் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் கொண்டுவரப்பட்ட 42-ஆவது திருத்தம், கல்வியோடு சேர்த்துக் காட்டையும் வன உயிர்ப் பாதுகாப்பையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பொதுப் பட்டியலில் உள்ள ஒன்றைப் பற்றி இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம். அவை முரண்பட்டால் பொதுவாக நாடாளுமன்றத்தின் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டம் மட்டும் அந்த மாநிலத்துக்குள் செல்லுபடியாகும்.

அந்த மாற்றத்தின் பயனாக வந்ததுதான் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கொடுப்பதற்கு முன் மாநில அரசு மத்திய அரசின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது அதன் சாரம். எது வன நிலம் என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடை சொன்ன வழக்கு தங்கள் கூடலூரிலிருந்தே போனது என்பதை இங்கு பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு இப்பகுதியில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று, நிலம் யாருடையதாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் இச்சட்டத்துக்கு உட்பட்டது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. ஜென்மம் என்ற பழைய பரம்பரை நிலவுடைமை பற்றிய தகராறு தீராத, அதை ஒழித்த சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் நிலங்கள் இன்னும் பட்டாவுக்குக் காத்திருக்கும் வட்டத்தில் இந்த விளக்கம் எவ்வளவு தூரம் பாய்ந்திருக்கும் என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நிலம் என்ற வகையில் மாநிலத்தின் கையும், காடு என்ற வகையில் மத்திய அரசின் கையும் ஒரே புல எண்ணின் மேல் விழுகின்றன.

சோலைக்காடுகள் இன்று மிஞ்சியிருப்பதில் இச்சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். ஆயினும், நோயாளியைத் தூக்கிச் செல்லும் பாதைக்கும் பெரிய அணைக்கட்டுக்கும் ஒரே வாசலில் மனு நிற்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நல்வாய்ப்பாக, அதற்கு ஒரு வழியை நாடாளுமன்றமே திறந்து வைத்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)-இன்படி, சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், மின்கம்பி போன்று அரசு செய்து தரும் வசதிகளுக்கு, 1980-ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இல்லாமல் வன நிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொரு பணிக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். தங்கள் பாதையை 4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 0.3 ஹெக்டேர்தான், அந்தக் கணக்கில் 22 மரங்கள் வரை வரம்புக்குள் அடங்கும். ஊராட்சி அனுப்பிய கோப்பு எந்தச் சட்டத்தின்கீழ் போயிருக்கிறது என்பதை முதலில் கேட்டுப் பாருங்கள். 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போயிருந்தால், கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, இப்பிரிவைக் குறிப்பிட்டு வனச்சரக அலுவலர் வழியாக மாவட்ட வன அலுவலருக்குப் புதிதாக மனுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பச்சைத் தேயிலை விலைக்காகப் போராடும்போது மாநிலத்தைக் கேட்பதா, மத்திய அரசைக் கேட்பதா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டையும், ஆனால் வெவ்வேறு காரியங்களுக்காக. வேளாண்மை மாநிலத்தின் பொறுப்பு; தேயிலைத் தொழிலையோ 1953-ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டத்தின் வழியாக மத்திய அரசு தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. ஆகவே, தொழிற்சாலைகள் பச்சைத் தேயிலைக்குத் தர வேண்டிய மாத விலையை அறிவிப்பது மத்திய வணிக அமைச்சகத்தின்கீழ் உள்ள தேயிலை வாரியம். தாங்கள் கொழுந்து போடுவது இண்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலையில் என்றால், எடைக் குறைவு, பணப் பாக்கி, நிர்வாகம் பற்றிய குறைகள் மாநில அரசிடம் போக வேண்டும், ஏனெனில் கூட்டுறவுச் சங்கம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வரியிலும் இதே பிளவு உண்டு: தேயிலையை வளர்த்துத் தாமே தூளாக்கியும் விற்பவரின் வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மத்திய அரசு வருமான வரி விதிக்கிறது, எஞ்சிய 60 சதவீதம் வேளாண் வருமானம் என்பதால் அதன்மேல் வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உரியது.