நார்தம்பர்லாந்து போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

நியூகாசிலுக்கு வந்த நாளிலிருந்து விடுமுறை என்றால் எனக்கு வடக்குதான். இங்கிலாந்து முடிந்து ஸ்காட்லாந்து தொடங்கும் வரைக்கும் அந்த நார்தம்பர்லாந்துக் கடற்கரை எனக்குப் பழக்கம். கேட்பதற்கு முன் ஒன்று: ஹோலி ஐலண்ட் ஒரு தீவு, கடல் ஏறினால் அதற்குப் போகும் சாலை மூழ்கிவிடும். அங்கே போகிறவர்கள் கடல் ஏறும் நேரத்தைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

லண்டனிலிருந்து: அக்கா, எங்களிடம் கார் இல்லை. மூன்று நாளில் பார்க்க முடியுமா?

தாராளமாக. கிங்ஸ் கிராஸில் ஏறி ஆல்ன்மவுத்தில் இறங்குங்கள். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்னிக், சீஹவுசஸ், பாம்பரோ, பெரிக் எல்லாவற்றையும் எக்ஸ்18 பேருந்து தொட்டுப் போகும். ஒரு நாளைக் கிராஸ்டருக்கு ஒதுக்குங்கள். டன்ஸ்டன்பரோ கோட்டைக்கு வண்டிப் பாதை கிடையாது. கிராஸ்டரிலிருந்து கடலை ஒட்டிப் புல்வெளியில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். 1313இல் கட்டத் தொடங்கிய கோட்டை, இன்று இரண்டு உடைந்த கோபுரமாக நிற்கிறது. திரும்பி வந்ததும் கிப்பர் சாப்பிடுங்கள். ஹெரிங் மீனைப் பிளந்து ஓக் மரப் புகையில் தொங்கவிடுவார்கள். நம் கருவாடு மாதிரி காய்ந்திருக்காது, உள்ளே எண்ணெய்ப்பசை அப்படியே இருக்கும்.

மில்டன் கீன்ஸ்: ஹாரி பாட்டர் சினிமாவில் வந்த கோட்டை எது?

ஆல்னிக். குளிர்காலத்தில் மூடியிருக்கும். அந்த ஊரின் பழைய ரயில் நிலையத்தில் ஒரு பழைய புத்தகக் கடை இருக்கிறது, அதையும் விடாதீர்கள். அலமாரிகளுக்கு மேலே பொம்மை ரயில் ஓடும், கணப்பில் தீ எரியும்.

கார்டிஃப்: பஃபின் பறவை எப்போது பார்க்கலாம்?

மே முதல் ஜூலை நடு வரை. சீஹவுசஸில் படகு ஏறி ஃபார்ன் தீவுகளுக்குப் போக வேண்டும். தீவில் இறங்க முடியுமா என்று படகுக்காரரிடம் முன்பே கேளுங்கள். தொப்பி கட்டாயம். ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகள் பாதை ஓரத்திலேயே முட்டையிடும், கிட்டே போனால் தலையில் கொத்தும். என் உச்சந்தலையில் ரத்தம் வந்திருக்கிறது.

மான்செஸ்டர்: ஹேட்ரியன் சுவரை வெறும் கல் என்கிறார்களே, பிள்ளைகளோடு போகலாமா?

போகலாம். ஆனால் சுவரோடு நிறுத்தாதீர்கள், பக்கத்தில் விண்டோலாண்டா இருக்கிறது. கி.பி. 122இல் சுவர் எழும்புவதற்கு முன்பே அங்கே ரோமானியர் முகாம் இருந்தது. 1973இல் ஈரமண்ணுக்குள் மெல்லிய மரச்சில்லுகள் கிடைத்தன, அஞ்சலட்டை அளவு, மையால் எழுதியவை. காற்றுப் புகாத மண் என்பதால் மக்காமல் தப்பின. ஒன்றில் காலுறையும் உள்ளாடையும் அனுப்பியதாக எழுதியிருக்கிறது. இன்னொன்றில் ஒரு பெண் தன் பிறந்தநாளுக்குத் தோழியை அழைக்கிறாள், கடைசி வரிகள் அவளே கைப்பட எழுதியவை. எனக்குப் பிடித்தது ஒரு கணக்குச் சீட்டு. ஒருவன் பெயருக்கு எதிரே மிளகு, இரண்டு தெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு) என்று குறித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மிளகு ரோமுக்கு எங்கிருந்து போனது? முசிறியிலிருந்து, நம் சேரர் துறையிலிருந்து. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனக் கப்பலைச் சங்கப் பாட்டில் படித்தோமே, அதே சரக்கு பேரரசின் வடகோடியில், மழையில் நனைந்த ஒரு சிப்பாயின் கஞ்சி வரைக்கும் வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

ரெடிங்: சிகமோர் கேப் மரம் இல்லையே, இனி அங்கே போக வேண்டுமா?

ஹேட்ரியன் சுவரோரப் பள்ளத்தில் தனியாக நின்ற அந்த மரத்தை 2023 செப்டம்பரில் வெட்டினார்கள். அடிக்கட்டை அடுத்த ஆண்டே துளிர்த்துவிட்டது. போங்கள்.

லூட்டன்: ஹோலி ஐலண்டுக்கு எத்தனை மணிக்குப் போகலாம்?

நாளுக்கு நாள் மாறும். கடல் தினமும் இரண்டு முறை சாலையை மூடும். கவுன்சில் வெளியிடும் அட்டவணையில் உங்கள் தேதியைப் பாருங்கள்.

பர்மிங்காம்: நாங்கள் நேரம் முடிந்து 20 நிமிடம் கழித்துத்தான் திரும்பினோம், ஒன்றும் ஆகவில்லை. ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள் அக்கா.

தம்பி, அன்றைக்குக் கடல் தாமதித்தது, அவ்வளவுதான். அட்டவணை ஒரு கணிப்பு. காற்று கரையை நோக்கி வீசினால், காற்றழுத்தம் குறைந்திருந்தால், தண்ணீர் முந்திக்கொள்ளும். அந்தச் சாலையும் ஒரே மட்டம் இல்லை. பாலத்தருகே பள்ளம், முதலில் அங்கேதான் ஏறும். தீவுப் பக்கம் தார் காய்ந்திருக்கும், நம்பி வருவீர்கள், பள்ளத்துக்கு வரும்போது சாலை தெரியாது. பாலத்தின் பக்கத்தில் கம்பங்கள் மேல் ஒரு வெள்ளைக் கூண்டு நிற்கிறதே, அதற்குப் படிக்கட்டு எதற்கு என்று யோசித்தீர்களா? வண்டியை விட்டுவிட்டு ஏறி உட்காரத்தான். சீஹவுசஸிலிருந்து உயிர்காக்கும் படகு வந்துதான் இறக்கும்.

லீட்ஸ்: பெரிய எஸ்யூவி என்றால் சமாளிக்குமே?

சமாளிக்காது. இரண்டடித் தண்ணீர் ஓடினால் அதையும் தூக்கிவிடும். உப்புநீர் புகுந்த இன்ஜினும் தேறாது. பின்னால் குழந்தை இருக்கையை வைத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

பர்மிங்காம்: உள்ளூர்க்காரர்கள் போகிறார்களே?

அவர்கள் அந்தக் கடலைத் தினமும் பார்க்கிறார்கள். நீங்கள் வருஷத்துக்கு ஒரு முறை வருகிறீர்கள். இதற்கு மேல் நான் வாதாடவில்லை.

எடின்பரோ: மணலில் நடந்து போகலாமா?

போகலாம், சுமார் ஐந்து கிலோமீட்டர். நட்டிருக்கும் கம்பங்களை விட்டு விலகாதீர்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்பி, முழுக்க வற்றும் நேரத்துக்குள் தீவைத் தொட்டுவிடுங்கள். வண்டிக்கான நேரம் நடைக்குப் பொருந்தாது. பனிமூட்டம் என்றால் வேண்டாம்.

ஸ்லவ்: ஹோலி ஐலண்ட் சாலை எப்போது திறக்கும்?

மேலே சொல்லிவிட்டேன். அட்டவணை.

நாட்டிங்காம்: தீவில் ஒரு இரவு தங்கினால் போரடிக்குமா அக்கா?

தங்குங்கள், தயவுசெய்து தங்குங்கள். 635இல் துறவி ஏடன் மடம் அமைத்த இடம், 793இல் வைக்கிங்குகள் புகுந்த இடம். பகலில் இதெல்லாம் கூட்டத்தில் தொலைந்துபோகும். மாலையில் கடல் ஏறும் நேரத்துக்குள் கார்கள் எல்லாம் வரிசையாகக் கிளம்பிவிடும், பின்னாலேயே சாலை மூழ்கும். அப்புறம் மடத்து இடிபாட்டைத் தாண்டிக் கரைக்கு நடந்து போய் நில்லுங்கள். எதிரே மணல்திட்டில் கிடக்கும் சீல் என்ற கடல்நாய்கள் ஊளையிடும், தூரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ராகம் இழுப்பதுபோலக் கேட்கும். கனத்த ஸ்வெட்டர் கொண்டுபோங்கள், ஜூலையிலும் குளிரும்.