லினக்ஸில் விண்டோஸ் மென்பொருள்: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: என் மடிக்கணினியில் விண்டோஸ் 10 உள்ளது. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது; விண்டோஸ் 11-க்கான தகுதி இந்தக் கணினிக்கு இல்லை. லினக்ஸுக்கு மாற எண்ணுகிறேன். ஆனால் எக்செல், போட்டோஷாப், யூஎஸ்பி டாங்கிளை (உரிமத்துக்கான சிறு சாவிக் கருவியை) செருகினால் மட்டுமே திறக்கும் ஒரு கணக்கு மென்பொருள் ஆகிய மூன்றும் எனக்குத் தேவை. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்க, இலவசமாகக் கிடைக்கும் வைன் போதுமா, பணம் கொடுத்து கிராஸ்ஓவர் வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்த டாங்கிளைப் பற்றி விசாரியுங்கள், மற்ற இரண்டுக்கும் ஏதாவது மாற்று உண்டு, சிக்கல் வரக்கூடிய இடம் இதுதான். 1993-இல் தொடங்கப்பட்ட வைன், ஒரு மென்பொருள் விண்டோஸிடம் கேட்பவற்றை உடனுக்குடன் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது. கோப்பைத் திற, சாளரத்தை வரை என்பன போன்ற கோரிக்கைகளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பல டாங்கிள்களுக்குத் தனியாக ஒரு டிரைவர் வேண்டும். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் அமர்ந்து வன்பொருளை நேரடியாகக் கையாளும் அத்தகைய டிரைவரை வைனுக்குள் நிறுவிப் பயன் இல்லை. கிராஸ்ஓவரும் வைனை அடிப்படையாகக் கொண்டதே என்பதால், பணம் கொடுத்தாலும் இந்தத் தடை நீங்காது. டாங்கிள் இல்லாத உரிமமோ உலாவியில் இயங்கும் பதிப்போ உண்டா என்று மென்பொருளை விற்றவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

எக்செலைப் பொறுத்தவரை, எந்தப் பதிப்பு என்பதே முக்கியம். ஆபீஸ் 2010 போன்ற பழைய பதிப்புகள் வைனில் ஓரளவு ஒத்துழைக்கின்றன. மைக்ரோசாப்ட் 365 நிறுவும்போதோ உள்நுழையும்போதோ தகராறு செய்யக்கூடியது. உங்கள் கோப்புகளில் மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) இல்லையென்றால், இலவச அலுவலகத் தொகுப்பான லிப்ரேஆபீஸே போதும் என்பது என் கருத்து. அதில் கலிப்ரி எழுத்துரு இல்லாத குறையை, அதே அகல அளவுகள் கொண்ட கார்லிட்டோவை நிறுவிச் சரிசெய்யலாம். அதைச் செய்யாமல் விட்டால் வரிகள் இடம் மாறி, ஒரு பக்கத்தில் அடங்கிய அறிக்கை இரண்டாம் பக்கத்துக்கு வழியும். மேக்ரோக்கள் இருந்தால், உங்களுடைய உண்மையான கோப்பு ஒன்றைத் திறந்து ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

போட்டோஷாப்பின் இன்றைய சந்தாப் பதிப்பை அடோபி லினக்ஸுக்கு வெளியிடவில்லை. வைனில் அது இயங்குவதாகச் சொல்பவர்கள் இருக்கலாம், ஆனால் அடுத்த புதுப்பிப்பிலும் அது இயங்கும் என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. மாதாமாதம் பணம் கட்டும் ஒரு பொருளை அந்த நிலையில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கிராஸ்ஓவரை வெளியிடும் கோட்வீவர்ஸ், வைனின் வளர்ச்சிக்கும் நிறையப் பங்களிக்கும் நிறுவனம். அங்கே நீங்கள் கொடுக்கும் பணம் எளிய நிறுவலுக்கும், கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பதற்குமானது. இலவச சோதனைக் காலம் இருப்பதால், உங்கள் மென்பொருள் அதில் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள். வைனின் இணையத் தரவுத்தளத்தில் மென்பொருள்களுக்கு 'பிளாட்டினம்' முதல் 'கார்பேஜ்' வரை தரம் இட்டிருக்கிறார்கள். தரத்தை மட்டும் பார்க்காமல், சோதித்த பதிப்பும் தேதியும் உங்களுக்குப் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

டாங்கிள் கட்டாயம்தான் என்று விற்றவர் சொல்லிவிட்டால், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள் லினக்ஸுக்குள் உருவாக்கும் மெய்நிகர் கணினியில் விண்டோஸை நிறுவி, யூஎஸ்பியை அதற்குள் ஒப்படைப்பதே நடைமுறைக்கு உகந்த வழி. இதற்கு 8 ஜிபி நினைவகமாவது இருப்பது நல்லது. செலவுக் கணக்கில் விண்டோஸ் உரிமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மடிக்கணினியுடன் வந்த உரிமம் பொதுவாக அந்த வன்பொருளோடு பிணைக்கப்பட்டது, மெய்நிகர் கணினிக்கு அது செல்லும் என்று எண்ணிவிட முடியாது. டாங்கிளோடு கணக்கு மென்பொருள் அங்கே திறக்கும்வரை, வட்டில் இப்போது உள்ள விண்டோஸை அழிக்காதீர்கள்.